சாமி மாம்பழமும் என் இடது காலும்

மிட்ஃபீல்டில் விளையாடுகிறவனுக்குக் கை என்பது அவ்வளவாகத் தேவைப்படாத உறுப்பு. பந்தைப் பிடிப்பதற்குக் கோல்கீப்பர் இருக்கிறார். கோட்டைத் தாண்டிப் போனதை எறிவதற்கு ஓரத்தில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குக் கை இருப்பதெல்லாம் எதிராளியின் ஜெர்சியைப் பிடித்து இழுப்பதற்கும், ரெஃப்ரி விசிலடித்துவிட்டால் இரண்டையும் மேலே தூக்கி "நான் தொடவே இல்ல சார்" என்று சாதிப்பதற்கும்தான். சின்ன வயதிலிருந்து என் உடம்புக்கு இதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். பந்து மேலே வருகிறதா, கை முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். என் உடம்பு இந்தப் பாடத்தை எவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்கிறது என்பதைக் காரைக்கால் ஜனம் மொத்தமும் பாரதியார் சாலையில் நின்று ஒருநாள் பார்த்தது.

அப்போது எனக்கு இருபது வயது. சென்னையில் கொஞ்ச காலம் லீக் ஆடி, கேரளத்தில் ஒரு கிளப்பில் முதல் ஒப்பந்தம் கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காரைக்கால் பக்கத்தில் எங்கள் விழிதியூரில் நெல்லைத் தவிர வேறு எதுவும் வெளியூருக்குப் போய்ப் பேர் வாங்கியதில்லை. அடுத்தது நான்தான் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். விடுமுறைக்கு வந்தவன் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனால்கூடக் கிளப் ஜெர்சியோடுதான் போவேன். டவுன் பஸ்ஸில் யாராவது "என்ன தம்பி, இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அவர் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிடுவார். கேட்காவிட்டால் நானே சாக்ஸைக் கீழே இறக்கி முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டு நிற்பேன். (ஒருத்தரும் கை நீட்டாமல் விட்டார்களே, நல்ல ஜனங்கள்.)

அந்தப் பெருமையில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. அது என் இடது கால். வலது காலால் நாற்பது கஜம் தாண்டி ஒருத்தன் காலடியில் பந்தை வைப்பேன். இடது காலுக்கு வந்தால் பந்து பார்வையாளர் பக்கம் போய்விடும். எங்கள் கோச் மலையாளி, ஆனால் கோயம்புத்தூரில் பல வருஷம் இருந்தவர். திட்டுவதை மட்டும் சுத்தத் தமிழில் திட்டுவார்.

"கார்த்தி, அந்த எடது கால எதுக்கு வச்சிருக்க? செருப்பு ஜோடியாத்தான் விக்கிறாங்கன்னா?"

லீவு கொடுக்கும்போதும் அதையேதான் சொல்லி அனுப்பினார். ஊரில் எந்த டோர்னமெண்டிலும் இறங்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, எந்த வம்பிலும் மாட்டக் கூடாது, திரும்பி வரும்போது இடது கால் உயிரோடு வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த சீசன் முழுக்கப் பெஞ்சுதான். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்த மறுநாள் செல்வி அக்கா போன் பண்ணினாள்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். என் முதல் பூட்ஸ் அவள் டியூஷன் எடுத்து வாங்கிக் கொடுத்தது. காரைக்கால் டவுனில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அத்தான் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. டாக்டர், மாத்திரை, கோயில், விரதம் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். மற்றவர்கள்தான் அவளுக்கும் சேர்த்து வாய் திறந்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, நாளன்னிக்கு மாங்கனி. நீ இருப்பதான?"

எங்கள் ஊரில் ஆனிப் பௌர்ணமிக்குச் சாமி பிச்சாண்டவராகச் சப்பரத்தில் வீதி வருவார். சப்பரம் நகர நகர, மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழத்தை வாரி வாரி இறைப்பார்கள். வேண்டுதல் நடந்தவர்கள் இறைப்பார்கள், நடக்க வேண்டியவர்கள் பிடிப்பார்கள். குழந்தை கேட்டு நிற்கிறவர்கள்தான் இதில் அதிகம். முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள்.

"முன்னாடி ரெண்டு தடவ நானே நின்னேன்டா. முந்தானைய ஏந்திட்டு நிக்கிறப்ப தெரிஞ்சவங்க பாத்துட்டு 'இன்னும் இல்லையா செல்வி'ம்பாங்க. எனக்கு அந்த இடத்துல நிக்கவே புடிக்கல. எனக்காக நீ ஒரு பழம் புடிச்சுக் குடுடா. வேற யார்ட்டயும் கேக்க முடியல."

அவள் குரல் உடைந்தது. அந்த நேரத்தில் ஒரு நல்ல தம்பி என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரிக்கா" என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"ஒரு பழம் போதுமா, கூடை எடுத்துட்டு வரட்டுமா? அக்கா, நான் இப்ப புரொஃபஷனல்க்கா!"

அத்தான் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். அவரும் வருஷா வருஷம் போகிறவர்தான். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், தங்கமான மனுஷன். நாள் முழுக்கப் பெரிய பெரிய லாரிகளுக்கு நடுவில் அசராமல் நிற்பவர். ஆனால் மாம்பழம் பறந்து வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குனிந்துவிடுவார். ஒருமுறை மூக்குக்கண்ணாடியில் பட்டு உடைந்ததிலிருந்து இந்தப் பழக்கம். அவரைத் தாண்டிப் போகும் பழமெல்லாம் பின்னால் நிற்பவர்களுக்குக் கிடைக்கும். அதனாலேயே அவருக்குப் பின்னால் இடம் பிடிக்க ஒரு கூட்டம் வரும்.

அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். இந்த விஷயத்தில் அவருடைய சட்டம் எங்கள் ஆஃப்சைடு விதியைவிடக் கெட்டி. கடையில் வாங்கின பழம் செல்லாது. தரையில் விழுந்ததைப் பொறுக்கினால் செல்லாது. அடுத்தவர் பிடித்ததைக் கேட்டு வாங்கினாலும் செல்லாது. நம் வீட்டு ஆள் கையில் நேராக வந்து விழ வேண்டும்.

"கார்த்தி இருக்கறப்ப என்ன கவல? ஓடி ஆடற புள்ள" என்று அவர் சொன்னதை அக்கா போனில் சொன்னபோது எனக்கு இன்னும் இரண்டு அங்குலம் நெஞ்சு விரிந்தது.

நசீர் மட்டும்தான் சந்தேகப்பட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு பந்து ஆடியவன். அவர்கள் குடும்பத்துத் துணிக்கடை சப்பரம் வரும் வழியில், மாடி வீட்டோடு இருக்கிறது.

"மச்சி, எலுமிச்சங்கா தூக்கிப் போடறேன், ரெண்டு மூணு புடிச்சுப் பாத்துக்க. நீ கையால எதையும் புடிச்சு நான் பாத்ததே இல்ல. கல்யாண வீட்ல சோடா பாட்டில் தூக்கிப் போட்டா அதையும் தொடையிலதான் வாங்குவ."

"டேய், மாம்பழம் புடிக்க பிராக்டீஸா? வெளியில சொல்லாத, கிளப் மானம் போயிடும்" என்றேன். (மானம் எப்படிப் போகப் போகிறது என்று தெரியாதவன் பேச்சு.)

திருவிழா அன்று காலையில் டவுனில் கால் வைக்க இடமில்லை. நசீர் கடை வாசலுக்கு நேராகத் தெருவில் எனக்கு இடம். அக்காவும் அத்தையும் கடைப் படியில் நின்றார்கள். அக்கா கூட்டத்துக்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். நசீர் மாடியில் போனை நீட்டிக்கொண்டு படமெடுக்கத் தயாராக இருந்தான். பக்கத்தில் அவன் உம்மா, வருகிறவர்களுக்குக் கொடுக்க ரோஸ்மில்க் கலக்கிக்கொண்டிருந்தார். அத்தான் கொஞ்சம் தள்ளி, படியோரத்தில் கூட்டம் நுழையாத ஒரு துண்டு இடத்தில் தனியாக நின்றார். "நீங்க கிட்ட வராதீங்க அத்தான், எனக்கு இடம் வேணும்" என்று நான்தான் தள்ளி நிறுத்தியிருந்தேன். அவர் போட்டிருந்தது எங்கள் கிளப்பின் மஞ்சள் ஜெர்சி. நான் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது. வயிற்றுக்கு மேல் ஏறிக்கொண்டாலும் கழற்ற மாட்டேன் என்று அதிலேயே வந்திருந்தார்.

சப்பரம் திரும்பியதும் சத்தம் காதைப் பிளந்தது. நான்கு பக்கத்திலிருந்தும் பழம் பறக்க ஆரம்பித்தது. நான் களத்தில் இருப்பதுபோலவே இருந்தேன். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து யார் எங்கே என்று குறித்துக்கொண்டேன். முதுகால் இரண்டு பேரை நகர்த்தினேன். முட்டியை லேசாக மடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "தம்பி, பழம் புடிக்க வந்தீங்களா, சண்ட போட வந்தீங்களா?" என்று கேட்டே விட்டார்.

மாடியில் நசீர், பக்கத்து மாடியில் கூடையோடு நின்ற அம்மாவிடம் கெஞ்சுவது தெரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். கூடையிலிருந்து நல்ல குண்டான ஒரு பழமாக எடுத்து, கும்பிட்டு, எனக்கென்றே வீசினார்.

அதைவிட அருமையான பந்து என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை. சுற்றாமல், காற்றில் அசையாமல், அழகாக வளைந்து என் நெஞ்சுக்கே இறங்கியது. "விடுங்க, விடுங்க, என்னுது!" என்று நான் கத்தியது வீடியோவில் கேட்கும். இடம் சரி, நேரம் சரி, தலை சரி. கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

பழம் நெஞ்சில் விழுந்தது. நெஞ்சை உள்ளே வாங்கி அதன் வேகத்தைக் கொன்றேன். அது தொடைக்கு இறங்கியது. தொடையிலிருந்து ஒரு சின்னத் துள்ளல். அந்த நேரத்தில் இரண்டு பேர் என்மேல் பாய்ந்தார்கள். பாய்ந்து வருகிறவனைப் பார்த்தால் மிட்ஃபீல்டர் என்ன செய்வான்? தலையைத் தூக்கி, ஆளில்லாத இடத்தில் நம்ம ஜெர்சி எங்கே என்று தேடுவான். மஞ்சள் ஜெர்சி தெரிந்தது. பழம் இருந்தது இடது பக்கம். கீழே விழுவதற்குள், இடது காலால், அந்தரத்திலேயே வைத்தேன் ஒரு வாலி உதை.

உதை பட்ட அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது, இது பந்து இல்லையே என்று.

அத்தான் என்ன செய்வார்? பறந்து வருவதைப் பார்த்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, கையிரண்டையும் வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்தார். பழம் தாழ்வாகப் போய், அவர் குனிந்த வளைவுக்குள் நேராக நுழைந்து, இரண்டு கைக்கும் வயிற்றுக்கும் நடுவே "தொப்" என்று உட்கார்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தவர், அப்படியே நின்றார்.

விசில் சத்தம் கேட்டது. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். விசில் கேட்டதும் என் கை இரண்டும் தானாக மேலே போய்விட்டன. "சார், கையில படவே இல்ல சார்!"

"அதான்யா பிரச்சினையே!" என்று கத்தினார் பக்கத்திலிருந்த பெரியவர். "சாமி பழத்தக் காலால ஒதைச்சுட்டான்!"

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். எவன்டா இவன், எந்த ஊரு, கண்ணு தெரியலையா, குடிச்சிருக்கானா, ஊது பாப்போம். போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏம்ப்பா, கையால புடிக்கத் தெரியாதா?"

"மிட்ஃபீல்டர் சார்" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது.

"எவனா இருந்தா என்ன, சாமி பழத்த ஒதைப்பியா? போய் விழுந்து கும்பிடு!"

ஓடிப்போய்ச் சப்பரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போதாதென்று காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். கிளப்பில் தினமும் போடுகிற பழக்கம், முதுகு நிமிர்ந்து, முட்டி நேராக, அழகாக வந்தது. "பாருங்க, இதையும் எக்சர்சைஸ் மாதிரில்ல செய்யறான்" என்று ஒரு அம்மா தலையிலடித்துக்கொண்டார். மேலே நின்ற குருக்கள் சிரித்தேவிட்டார். "போறும்ப்பா, தெரியாமப் பண்ணிட்ட. விடுங்கோ எல்லாரும், சாமி நகரணும்" என்று விபூதியைக் கொடுத்தார். சப்பரம் நகர்ந்தது, கூட்டமும் அதன் பின்னால் போனது.

நான் மெல்லத் திரும்பி வந்தேன். கடைப் படிக்குக் கீழே அத்தான், பழத்தை இரண்டு கையிலும் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத யாராச்சும் கேட்டா குடுத்துடு" என்றார் அத்தை. "நமக்கு வேணாம். கால் பட்ட பழம். அதுவும் எடது கால்! அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. கோச், கிளப் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமில்லை. அக்கா ஒரே ஒரு காரியம் கேட்டாள், அதைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் இருந்தது. "அக்கா..." என்று படியை நோக்கிப் போனேன்.

அக்கா படியிலிருந்து இறங்கினாள். கூட்டத்துக்குள் இறங்க மாட்டேன் என்றவள் நடுத்தெருவுக்கு வந்து நின்றாள்.

"அடுத்த வருஷமா? அத்தை, இந்த மனுஷன் ஆறு வருஷமா குனிஞ்சிக்கிட்டே இருக்காரு. இவரு குனிஞ்ச எடத்துக்கே தேடிட்டு வந்து ஒரு பழம் கையில உக்காந்திருக்கு. இதுக்கு மேல சாமி என்னதான் செய்யணும்? வீட்டுக்கு வந்து ஊட்டி விடணுமா?"

அப்படிக் குரலை உயர்த்தி அவள் பேசி நான் பார்த்ததில்லை. அத்தையும் பார்த்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"தரையில விழல. காசுக்கு வாங்கல. என் தம்பி குடுத்தான், என் புருஷன் புடிச்சாரு. எனக்கு இது போதும். இதுக்கப்புறம் புள்ள வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இனிமே யாரும் என்ன மாம்பழத்துக்கு நிக்கச் சொல்லாதீங்க."

அத்தான் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கி, ஜெர்சியில் ஒரு துடை துடைத்து, அங்கேயே கடித்தாள். தோலோடு. தெருவில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே தின்றாள். நான் நடுத்தெருவில் விக்கி விக்கி அழுதேன். (புரொஃபஷனல்!)

அத்தை கிட்ட வந்து, தன் முந்தானையால் அக்காவின் மோவாயைத் துடைத்தார்.

"தோலோட திங்காதடி, பால் பட்டா அரிக்கும். குடு, உரிச்சுத் தரேன்" என்றார்.

மேலே நசீர் இதில் ஒன்றையும் விடாமல் படமெடுத்திருந்தான். என் வாலியை மட்டும் வெட்டி, வேகத்தைக் குறைத்து ஸ்டேட்டஸில் போட்டான். பின்னணியில் அவன் உம்மா "யா அல்லா, இந்தப் புள்ளக்கி என்ன ஆச்சு!" என்று அலறுவது தெளிவாகக் கேட்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது துபாய் போய்விட்டது. சாயந்திரம் அங்கேயிருந்து கேரளத்துக்கு வந்துவிட்டது. கோச் நம்பரிலிருந்து போன் வந்தபோது நான் ஜெர்சியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா, "சரி விடு, நாத்தங்காலுக்கு ஆள் வேணும்" என்று ஆறுதல் சொல்லியிருந்தார்.

"கார்த்தி, வீடியோ பாத்தேன்."

"சார், தெரியாமப் பண்ணிட்டேன் சார். விழுந்து கும்பிட்டுட்டேன் சார். தோப்புக்கரணம்கூட..."

"அதெல்லாம் இருக்கட்டும். அது எந்தக் கால்?"

"எடது கால் சார்."

"நெஞ்சுல வாங்கி, தொடையில எறக்கி, கீழ விழறதுக்கு முன்ன எடது காலால ஆளுக்குப் பாஸ். அப்ப ஒரு வருஷமா என்னை ஏமாத்திட்டிருந்தியா நீ?" அப்புறம் அவர் சிரிப்பு கேட்டது. "திங்கட்கிழமை வந்து சேரு. சாமிகிட்ட நல்லா மன்னிப்புக் கேட்டுட்டு வா."

அந்த சீசனில் எனக்கு இடம் கிடைத்தது. இடது பக்கமாகத்தான் இறக்கினார். இடது காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் ஓரத்திலிருந்து கோச், "மாம்பழம்டா, மாம்பழம்!" என்று கத்துவார். எதிரணிக்கு அது ஏதோ ரகசியத் திட்டம் என்று தோன்றியிருக்கும். இன்றுவரை கிளப்பில் யாரும் என்னைக் கார்த்தி என்று கூப்பிடுவதில்லை.

ஊரில் கதை வேறு. இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்குப் பெண் பிறந்தாள். புனிதா என்று பெயர் வைத்தார்கள். பெருமை யாருக்கு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. டாக்டரம்மா தன் வைத்தியம் என்கிறார். அத்தை சாமி என்கிறார். அத்தான், பிடித்தவன் நான்தானே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். (குனிந்தவர் என்று ஒருவரும் ஞாபகப்படுத்துவதில்லை.) அக்கா நேர்த்திக்கடனுக்கு நசீர் வீட்டு மாடியிலிருந்து கூடை கூடையாகப் பழம் இறைத்தாள். அன்றைக்கு என்னைத் தெருவில் நிற்க விடாமல் மாடியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள், பக்கத்தில் காவலுக்கு அத்தை.

புனிதாவுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருக்கிறார்கள். அங்கே டீச்சர் கன்னத்தைக் கிள்ளி, "பாப்பா, நீங்க எங்கேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமானதைக் குழந்தை மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள்:

"மாமா பாஸ் குடுத்தாங்க, அப்பா புடிச்சாங்க, அம்மா தின்னுட்டாங்க, நான் வந்துட்டேன்!"